நாலாவது கப்பலின் பெட்டி

பெட்டி பூட்டியபடியே இருந்தது. அதை மேஜைக் காலோடு பிணைத்திருந்த சங்கிலியும் அப்படியே இருந்தது. ஒரே ஒரு சாவி, அதுவும் செகண்ட் ஆபீசரின் கழுத்துக் கயிற்றில். காலை எட்டு மணிக்கு, கேப்டன் பக்கத்தில் நிற்க, அவன் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினான். கறுப்பு ஸ்பாஞ்சில் ரேடியோவின் வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ரேடியோ இல்லை.

“போச்சு,” என்றார் கேப்டன்.

செகண்ட் குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் அழுத்திப் பார்த்தான்.

வெளியே, ஜலசந்தியின் வாயிலில், பதினோரு சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. இந்தத் தண்ணீர் யாருடையது என்று இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டிருந்தன. அடி என்னவோ நடுவில் போகிற சரக்குக் கப்பல்களுக்குத்தான் விழுந்தது. அதனால் இப்போதெல்லாம் முன்னும் பின்னும் போர்க்கப்பல் துணைக்கு வர, வரிசையாகப் போனால்தான் உண்டு. போர்க்கப்பலோடு பேசுவதற்கு ஒவ்வொரு சரக்குக் கப்பலுக்கும் ஒரு ரகசிய ரேடியோ கொடுத்திருந்தார்கள். அது இல்லாத கப்பலுக்கு வரிசையில் இடமில்லை. அடுத்த வரிசை பத்து நாள் கழித்துத்தான்.

காணாமல் போனது வெறும் ரேடியோவாக இருந்தால் பரவாயில்லை. அது தப்பான ஆள் கையில் சேர்ந்தால், வரிசை எங்கே வேகம் குறைக்கும், எங்கே திரும்பும் என்பதையெல்லாம் எதிராளி நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொள்ளலாம்.

போர்க்கப்பலின் கமாண்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். “பதினோரு மணி வரைக்கும் பாரு. கிடைக்கலேன்னா அந்த நாலாவது கப்பலை விட்டுட்டுப் போறோம். சாவி வச்சிருந்தவனைத் துறைமுகப் போலீஸ் படகுல ஏத்திடு. உளவு கேஸ்.”

அதைக் கேட்டுக்கொண்டு விசைப்படகில் ஏறியவள் ஒரு லெப்டினென்ட். சரக்குக் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் இடையே தொடர்பு அதிகாரி. கடற்படையில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். அவள் குத்துவது வலிக்காது, ஆனால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பது இன்னொன்று.

பெட்டியை இந்தக் கப்பலில் கொடுத்தவளும் அவள்தான். நேற்றுச் சாயங்காலம், கப்பலை ஓட்டும் மேலறையான பிரிட்ஜில், இதே மேஜையில் வைத்துத் திறந்து காட்டினாள். மாதக்கணக்காக உப்புக்காற்றில் படகு படகாகப் போய் வருகிற பெட்டி அது. மூடி கீச்சென்று அலறியதில் கேப்டன் காதைப் பொத்திக்கொண்டு, “எங்க வீட்டு கேட் இதைவிடத் தேவலை,” என்று சிரித்தார். பிறகு அவள் பூட்டிச் சாவியைக் கொடுத்தாள். கேப்டன் அதை வழிகாட்டும் அதிகாரியான செகண்டிடம் கொடுத்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூட வந்த காவல் மாலுமியைப் பெட்டியருகே நிறுத்திவிட்டு, ஊசி மூடியை ஒரு விரலால் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அறை அமைதியாக இருந்தது. அவள் நெற்றி சுருங்கியது. ரேடியோ இல்லை என்பது தெரிந்த விஷயம். வேறு ஏதோ ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. அது என்னவென்று பிடிபடவில்லை.

“நேத்து ராத்திரி இங்க யாரெல்லாம் வந்தாங்க?” என்று கேப்டனைக் கேட்டாள்.

“நான் வந்தேன். நங்கூரக் காவலுக்குச் செகண்ட் இருந்தான். சமையல்காரர் டீ கொண்டுவந்தார். அப்புறம் இன்ஜின் ரூம்லேருந்து சீஃப் இன்ஜினியர் வந்தார். அந்த ஏ.சி. ரெண்டு நாளா ஒழுகிட்டிருந்துது, அதைச் சரிபண்ண.”

ஏ.சி. பெட்டியும் ரேடியோ மேஜையும் பிரிட்ஜின் பின்பக்கத் திரைக்குப் பின்னால் அடுத்தடுத்து இருந்தன. ஏ.சி. இப்போது ஒழுகவில்லை.

“சீஃப் ரொம்ப நேரம் இருந்தாரா?”

“இருந்தார். தட்டுனார், கொட்டுனார், திட்டுனார். அவர் ரிப்பேர் பண்ணா அப்படித்தான்.”

“நான் கப்பல்ல ஏறும்போதே காதுல விழுந்துது. நேத்து செகண்ட் உங்க கேபின்ல வந்து தனியாப் பேசினாராமே? கதவைச் சாத்திக்கிட்டு.”

கேப்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். “யார் சொன்னது? சமையல்காரரா? அந்த ஆளு வாயில ஒரு பூட்டு போடணும். அது சொந்த விஷயம் மேடம். வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

*

செகண்டுக்கு முப்பது வயதிருக்கும். எதிரே உட்கார்ந்து, காலியான சாவிக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

“சாவியைக் கழட்டினீங்களா?”

“இல்லை மேடம். குளிக்கும்போதுகூட இல்லை.”

“கேப்டன்கிட்ட என்ன பேசினீங்க?”

“சொல்ல முடியாது.”

“உளவு கேஸ்னா என்னன்னு தெரியும்ல?”

“தெரியும். அப்பவும் சொல்ல முடியாது.”

“உங்க காண்ட்ராக்ட் எப்போ முடியுது?”

“அடுத்த வாரம். மாத்து ஆளுக்கு டிக்கெட் போட்டாச்சு.”

“கப்பல் இன்னிக்கு வரிசையில போகலேன்னா, நீங்க இங்கேயே இறங்கிப் படகேறி வீட்டுக்குப் போயிடலாம். ஜலசந்திப் பக்கமே போக வேண்டாம். சரிதானே?”

அவன் முகம் வெளிறிப்போனது. அப்போதுதான் தன் நிலைமை அவனுக்கே புரிந்தது. “ஆமா. ஆனா நான் எடுக்கலை.”

“வீட்டுல?”

“மனைவி மட்டும்தான். முழுகாம இருக்கா, எட்டு மாசம் முடியப்போகுது.” கயிறு விரலில் இறுகியது. “மேடம், அவகிட்ட யார் சொல்லுவாங்க? போலீஸ் சொல்லுமா? தயவுசெஞ்சு போலீஸ் சொல்ல வேண்டாம்.”

ஊசி எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். சாவி, சந்தர்ப்பம், காரணம் மூன்றும் ஒரே ஆளின் மடியில் வந்து உட்கார்ந்திருந்தன. அப்படி உட்காரும்போதெல்லாம் அவளுக்குச் சந்தேகம் வரும். அவனுக்காக வருத்தமாகவும் இருந்தது. அதை அவள் மறைக்கப் பார்த்தாள், அவ்வளவாக முடியவில்லை.

*

சமையல்காரரிடம் கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“நான்தான் மேடம் இந்தக் கப்பலோட தந்தி ஆபீஸ். சீஃபுக்கும் செகண்டுக்கும் நடுவுல ஓடி ஓடி என் கால் தேஞ்சுபோச்சு.”

“ஏன், அவங்க பேசிக்க மாட்டாங்களா?”

“எப்படிப் பேசுவாங்க? சீஃப் இவருக்கு மாமனாரு!”

ஊசி நிமிர்ந்தாள். சமையல்காரர் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார். கப்பல்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சீஃப் ஒற்றைக்காலில் நின்றார். பெண் அப்பாவைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் ஆகிறது. யாருக்கு யார் மாமனார் என்று கம்பெனிக்குத் தெரியுமா? இருவரையும் ஒரே கப்பலில் போட்டுவிட்டது.

“வேலை விஷயமா பேசித்தானே ஆகணும்?”

“பேசுவாங்க, போன்ல. ‘பிரிட்ஜ்’ம்பாரு ஒருத்தர். ‘இன்ஜின் ரூம்’பாரு இன்னொருத்தர். வேகத்தைச் சொல்லிட்டு டக்குனு வச்சிடுவாங்க. சாப்பாட்டு மேஜையில எதிர் எதிர்லதான் உக்காருவாங்க. ஆனா சீஃப் என்னைப் பார்த்துக் கத்துவாரு. ‘அந்த ஆள் ஏன்யா தட்டுல பாதியை மிச்சம் வைக்கிறான்? சாப்பாடு என்ன மழையிலயா கொட்டுது?’ நான் திரும்பி இவருகிட்ட அதையே சொல்லணும். அவர் காதுலதான் ஏற்கனவே விழுந்துடுச்சே!”

“செகண்ட் என்ன பண்ணுவார்?”

“சாப்பிட்டுடுவாரு.”

*

இன்ஜின் ரூமை ஒட்டிய சின்ன அலுவலறையில் சீஃப் நின்றுகொண்டிருந்தார். அகலமான மனிதர். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, மூச்சில் லேசான இரைப்பு. ஊசி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கதவு முனகியது.

“உங்க மாப்பிள்ளையைப் பத்திக் கேக்கணும்.”

“மாப்பிள்ளையா? யாரு மாப்பிள்ளை? மேல ஒருத்தன் மேப்பை வச்சிக்கிட்டு நிப்பான், அவனையா சொல்றீங்க?” சீஃப் பேசிக்கொண்டே கதவருகே போனார். “எனக்கும் அவனுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனான். அவளை வீட்டுல உக்கார வச்சிட்டு இவன் கடல் கடலா சுத்தறான். என் பொண்டாட்டி அப்படித்தான் ஜன்னலைப் பாத்துக்கிட்டே கெழவி ஆனா. என் பொண்ணுக்கும் அதேதானான்னு...” சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு எண்ணெய்க் குப்பியை எடுத்து, கதவுக் கீலில் இரண்டு சொட்டு விட்டார். கதவை ஆட்டினார், வழிந்ததைக் கந்தல் துணியால் துடைத்தார். குப்பி மறுபடி பைக்குள் போனது. அதைச் செய்ததே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. “விடுங்க. வேற என்ன கேக்கணும்?”

“பெட்டி சாவி யார்கிட்ட இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கேப்டன்கிட்டன்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “காலையிலதான் கேள்விப்பட்டேன்.”

“பதினோரு மணிக்குள்ள ரேடியோ கிடைக்கலேன்னா செகண்டைப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவோம்.”

சீஃப் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். கை ஏற்கனவே சுத்தமாக இருந்தது. “ஜெயிலுக்குப் போனா, எத்தனை வருஷத்துல திரும்பி வருவான்?”

குரலில் ஈரமே இல்லை. என்ன மனிதர் இவர், என்று ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து வெளியேறி, ஓங்கிச் சாத்தினாள்.

கதவு முனகவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். பிறகு இரும்புப் படிகளில் இரண்டிரண்டாக ஏறி பிரிட்ஜுக்கு ஓடினாள். பெட்டியின் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கீல்களிலும் விரலை வைத்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

“எல்லாரையும் கூப்பிடு,” என்றாள் காவல் மாலுமியிடம். “சீஃபையும் சேர்த்து.”

*

மணி பத்தரை. போலீஸ் படகு ஏற்கனவே கரையை விட்டுக் கிளம்பியிருந்தது. பிரிட்ஜின் கண்ணாடி வழியே அது ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. மேஜையைச் சுற்றிக் கேப்டன், செகண்ட், சமையல்காரர். சீஃப் கதவோரமாக, படகைப் பார்த்தபடி நின்றார்.

“கேப்டன், மூடியைத் திறங்க,” என்றாள் ஊசி.

கேப்டன் திறந்தார்.

“என்ன கேட்டுது?”

“ஒண்ணும் கேக்கலையே.”

“நேத்து?”

கேப்டனின் கை தன்னால் காதுக்குப் போனது. “ஐயோ ஆமா! எங்க வீட்டு கேட் மாதிரி கத்துச்சே!”

“அது ராத்திரியோட நின்னுடுச்சு. இதோ பாருங்க, ரெண்டு கீல்லயும் புது எண்ணெய். முன்னாடி பூட்டு இருக்கு, சாவி செகண்ட்கிட்ட. சாவி இருக்கறவர் முன்னாடியே திறந்துட்டுப் போவார், பின்பக்கம் அவருக்கு என்ன வேலை? எடுத்தவர்கிட்ட சாவி இல்லை. அதனால கீல்ல இருக்கற ஆணியைத் தட்டிக் கழட்டியிருக்கார். மூடியைப் பின்பக்கமா தூக்கி ரேடியோவை எடுத்துட்டு, மறுபடி ஆணியை உள்ள தட்டியிருக்கார். தட்டற சத்தம் யாருக்கும் சந்தேகமா படலை, ஏன்னா பக்கத்துலேயே ஏ.சி. ரிப்பேர் நடந்துக்கிட்டிருந்துது.”

யாரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை.

“வேற யாரா இருந்தாலும் ஆணியை அப்படியே திருப்பிச் சொருகியிருப்பாங்க. ஆனா காய்ஞ்ச ஆணியை அப்படியே திருப்பிப் போட இவருக்குக் கை வராது. திருட வந்த இடத்துலயும் ரெண்டு சொட்டு விட்டு, துடைச்சு வச்சிட்டுத்தான் போயிருக்கார்.” அவள் குரல் தணிந்தது. “சீஃப், எங்க இருக்கு?”

செகண்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மேடம், அவர் இல்லை. நான்தான்! நான்தான் எடுத்தேன், எழுதிக்குங்க!”

“உக்காருடா,” என்றார் சீஃப்.

இரண்டு வருடத்தில் அவர் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். செகண்ட் உட்கார்ந்துவிட்டான்.

“இன்ஜின் ரூம்ல ஸ்பேர் அலமாரி. பேட்டரியைத் தனியா கழட்டி வச்சிருக்கேன், கெட்டுப்போகக் கூடாதுன்னு. சுவிட்சு மேல இருக்கற உங்க சீல் அப்படியே இருக்கு, பாத்துக்குங்க.” சீஃப் இன்னும் படகைத்தான் பார்த்தார். “போன மாசம் ஒரு கப்பலுக்கு அடி பட்டுதே, எங்க பட்டுது? பிரிட்ஜ்ல. மேப்பை வச்சிக்கிட்டு இவன் எங்க நிப்பான்? பிரிட்ஜ்ல. ஒரு வாரம்தானே மேடம். ஒரு வாரம் இந்தக் கப்பல் இங்கேயே நின்னா, இவன் இறங்கி வீட்டுக்குப் போயிடுவான். வரிசை கிளம்பினதும் ரேடியோவைத் திருப்பி வச்சிடலாம்னுதான் இருந்தேன். சாவி இவன் கழுத்துல இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? நாங்கதான் பேசறதே இல்லையே.”

“காலையில தெரிஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா கப்பல் கிளம்பிடும்.” அவர் இப்போதுதான் திரும்பினார். கண் சிவந்திருந்தது. “ஜெயில்னா எப்பவாவது திரும்பி வருவான். கடலுக்குள்ள போனா வருவானா? என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஊசிக்குத் தன் கோபம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

கேப்டன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “செகண்ட், என்னை மன்னிச்சுடு. வாக்கை மீறப்போறேன்.” சீஃபைப் பார்த்தார். “நேத்து இவன் என் கேபினுக்கு எதுக்கு வந்தான் தெரியுமா? கண்ணிவெடி மேல கப்பல் பட்டா முதல்ல போறது இன்ஜின் ரூம், சீஃபுக்கு வேற மூச்சு இரைக்குது, படியேறி வெளிய வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், ஜலசந்தி தாண்டற வரைக்கும் அவரை மேல கூப்பிட்டுக்குங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினான். சொன்னா நீங்க வீம்புக்குக் கீழேயே உக்காந்துடுவீங்களாம்.”

சீஃப் கந்தல் துணியை மடித்துப் பைக்குள் திணித்தார். பிறகு சமையல்காரரைப் பார்த்து, “எனக்கு மூச்சு இரைக்குதுன்னு இவனுக்கு யார்யா சொன்னது?” என்றார்.

“நீங்க போன்ல பேசறப்ப கேக்குது,” என்றான் செகண்ட். நேராகச் சொன்னான்.

சமையல்காரர் முந்தானை மாதிரி தோளில் கிடந்த துண்டில் மூக்கைச் சிந்தினார். அவருக்குக் கடத்த வேண்டிய செய்தி எதுவும் இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

*

ரேடியோ சொன்ன இடத்தில், சொன்னபடி இருந்தது. சீலை இரண்டு முறை பார்த்துவிட்டு ஊசி கமாண்டரைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்கவில்லை. எடுத்தது யார், ஏன், எப்படி என்று எல்லாம் சொன்னாள். ரேடியோ ஒரு நொடிகூட இயக்கப்படவில்லை, கப்பலை விட்டு வெளியே போகவில்லை என்பதையும் சொன்னாள்.

எதிர்முனையில் கமாண்டர் நேராக வேலைக்கு வந்தார். “இன்ஜினை ஓட்ட வேற ஆள் இருக்கா?”

“இவர் மாதிரி இல்லை சார்.”

“அக்கரை போய்ச் சேர்ந்ததும் விசாரணை இருக்கும். தண்டனையும் இருக்கும். அவர்கிட்டச் சொல்லிடு.”

சொன்னாள். “வரேன் மேடம், எங்க வேணா வரேன்,” என்றார் சீஃப். அவரை மேலே இருக்கச் சொல்லிக் கேப்டன் கேட்டுப் பார்த்தார். இன்ஜினை விட்டு வர முடியாது என்று சீஃப் மறுத்துவிட்டார். ஆனால் படிக்கட்டு ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வதாகவும், மிதவைச் சட்டையைக் கழற்றுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். யாரிடம் ஒப்புக்கொண்டார் என்று ஊசி கேட்கவில்லை. போலீஸ் படகு வெறும் படகாகத் திரும்பிப் போனது.

நண்பகலில் வரிசை நகர்ந்தது. ஊசி போர்க்கப்பலின் பிரிட்ஜில் கமாண்டர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கப்பலாக நலம் சொல்லிக்கொண்டு வருவதைக் கேட்டாள். இரண்டு கரையும் நெருங்கி வந்தன. இடுக்கான இடம் அதுதான். அங்கேதான் போன மாதம் அடி விழுந்தது. போர்க்கப்பலில் யாரும் தேவையில்லாமல் பேசவில்லை.

“நாலாவது கப்பல்,” என்று செகண்டின் குரல் வந்தது. “போக்கு சரி, வேகம் சரி. எல்லாரும் நல...”

அவன் முடிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் புகுந்தது. இன்ஜின் ரூம் போனிலிருந்து வரும் கரகரப்பு, லேசான இரைப்போடு.

“டேய் மாப்ள! ஹெல்மெட் போட்டியா இல்லையா?”

“போட்டிருக்கேன் மாமா. நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க.”

பதினோரு கப்பலும் அதைக் கேட்டன. கமாண்டர் புருவத்தை உயர்த்தினார். “என்னது அது?”

“நாலாவது கப்பலோட இன்ஜின் ரூம், சார். பிரிட்ஜ் போனை வைக்காம திறந்தே விட்டிருக்காங்க.”

“வேகத்தைச் சொன்னதும் போனை வச்சிடணும். அதானே ஒழுங்கு?”

“ஆமா சார். வைக்கச் சொல்லட்டுமா?”

கமாண்டர் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

“வேண்டாம்,” என்றார். “தாண்டட்டும்.”